பாலிசி ஃபெலோஷிப்: ஊர்ப் பிரச்னையை ஆராய மாதாமாதம் உதவித்தொகை... உங்களுக்கு எது செட் ஆகும்?

உங்க ஊருக்கு வந்துட்டு இருந்த கடைசி பஸ்ஸை ஏன் நிறுத்தினாங்க? பக்கத்து அரசுப் பள்ளியில சேர்ற பிள்ளைங்க எண்ணிக்கை ஏன் குறையுது? இப்படி ஏதாவது ஒரு கேள்வி மனசுல ஓடிட்டே இருக்குற ஆளா நீங்க? அதுக்குப் பதில் தேடுறதுக்கே மாதாமாதம் பணம் தர்ற திட்டங்கள் இருக்கு. அதுதான் பாலிசி ஃபெலோஷிப்.

அரசு எடுக்கும் ஒரு முடிவு யாருக்குப் போய்ச் சேருது, எங்கே சிக்கிக்கிட்டு நிக்குது என்று ஆராய்வதுதான் பொதுக்கொள்கை ஆய்வு. ஆனால், ஃபெலோஷிப் என்ற ஒரே பெயருக்குள் மூன்று வேறு வேறு வேலைகள் இருக்கின்றன. நீங்க தேடப்போற பதில், யாருடைய கேள்விக்கு? எம்.பி-யோடதா, அரசோடதா, உங்களோடதா? இதைத் தெளிவுபடுத்திக்காம விண்ணப்பிச்சா, கிடைச்ச பிறகும் ஏமாற்றம்தான்.

எம்.பி-யுடன் 11 மாதங்கள்

டெல்லியில் உள்ள பி.ஆர்.எஸ் லெஜிஸ்லேட்டிவ் ரிசர்ச் அமைப்பு, 2010 முதல் 'லேம்ப்' ஃபெலோஷிப்பை நடத்தி வருகிறது. தேர்வானால், ஒரு நாடாளுமன்ற உறுப்பினருடன் 11 மாதங்கள் வேலை. அவர் சபையில் கேட்கும் கேள்விகள், விவாதத்தில் பேசுவதற்கான குறிப்புகள், தனிநபர் மசோதா ஆகியவற்றுக்கான ஆய்வை நீங்க செய்து தரணும். எந்தப் பாடத்தில் டிகிரி முடித்திருந்தாலும் சரி. ஆனால் வயது வரம்பு 25. காலேஜ் முடிச்சதும் யோசிக்க வேண்டிய வாய்ப்பு இது.

சபையில் ஒலிப்பது எம்.பி-யின் குரல்தான். உங்க பெயர் எங்கேயும் வராது. நாளைக்குக் காலையில பேச்சுன்னா, இன்னிக்கு ராத்திரிக்குள்ள தகவல் ரெடியா இருக்கணும். இந்த வேகம் பிடிச்சவங்களுக்கு இது சரியான இடம்.

அரசுக்குள்ளே 2 ஆண்டுகள்

தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் 2022-ல் தொடங்கியது. முதல்நிலைத் தேர்வு, முதன்மைத் தேர்வு, நேர்காணல் என்று மூன்று கட்டங்கள். தேர்வானவர்கள் அரசின் முக்கியத் திட்டங்கள் களத்தில் எப்படி நடக்கின்றன என்று கண்காணித்து, இடையூறுகளைக் கண்டறிந்து, தீர்வு சொல்லணும். பயிற்சி தருவது திருச்சி பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம். தமிழில் வேலை செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பது நம்ம ஆட்களுக்கு ப்ளஸ்.

ஃபீல்டுல நின்னு கத்துக்கலாம், கலெக்டர் ஆபீஸ் ஃபைல் எப்படி நகருதுன்னு பார்க்கலாம். ஆனால், எந்தத் திட்டத்தை ஆராய்வது என்பதை அரசுதான் முடிவு செய்யும். இரண்டு வருடத் திட்டம் என்பதால் ஒவ்வொரு வருஷமும் அறிவிப்பை எதிர்பார்க்க முடியாது.

உங்க கேள்வியை நீங்களே ஆராயணுமா?

அப்படின்னா பிஹெச்.டி வழிதான். பொருளாதாரம், சமூகவியல், அரசியல் அறிவியல், பொது நிர்வாகம் போன்ற பாடங்களில் யு.ஜி.சி நெட் எழுதி ஜே.ஆர்.எஃப் பெற்றால், முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், அதன் பிறகு 42,000 ரூபாய். ஜே.ஆர்.எஃப்-க்கு வயது வரம்பு 30. பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், ஓ.பி.சி பிரிவினர் உள்ளிட்டோருக்கு 5 ஆண்டுகள் தளர்வு உண்டு.

ஜே.ஆர்.எஃப் கிடைக்கலையா? 1969-ல் தொடங்கப்பட்ட இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழுவும் முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு ஃபெலோஷிப் தருகிறது. அதன் ஆதரவு பெறும் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் நம்ம அடையாறிலேயே இருக்கு. 1971-ல் மால்கம் ஆதிசேஷையா தொடங்கியது.

விண்ணப்பத்தில் எங்கே கோட்டை விடுறாங்க?

தலைப்பில்தான். 'பெண்கள் முன்னேற்றத்தில் இலவசப் பேருந்தின் பங்கு' என்று எழுதினால் அது கட்டுரைப்போட்டித் தலைப்பு. 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. 'அதற்குப் பிறகு, எங்கள் ஒன்றியத்துப் பெண்கள் முன்பைவிட தூரமான இடங்களுக்கு வேலைக்குப் போகிறார்களா? போகாதவர்களைத் தடுப்பது எது?' என்று கேட்டுப்பாருங்க. யாரைச் சந்திக்கணும், என்ன கேட்கணும், எதோடு ஒப்பிடணும்னு உடனே தெரியும். பதில் 'இல்லை'ன்னு வந்தாலும் அது பயனுள்ள ஆய்வுதான். ஒருவேளை, வேலை முடியும் நேரத்தில் பஸ்ஸே இல்லாமல் இருக்கலாம். அது அரசு சரிசெய்யக்கூடிய விஷயம்.

வீட்டுல என்ன சொல்றது?

'இது வேலையா, படிப்பா?' என்று அப்பா கேட்பார். நியாயமான கேள்வி. ஃபெலோஷிப் நிரந்தர வேலை கிடையாது. முடிந்ததும் அரசு வேலை தருவோம் என்ற உத்தரவாதமும் இல்லை. ஆராய்ச்சி உதவித்தொகை சில நேரம் மாதக்கணக்கில் தாமதமாகும். வீட்டுக்கு மாதம் எவ்வளவு அனுப்பணும், டெல்லி என்றால் வாடகை எவ்வளவு என்று பேப்பரில் கணக்குப் போட்ட பிறகே முடிவெடுங்க. மூணு மாசச் செலவுக்காவது கையில் இருந்தால் நல்லது.

முடித்தவர்களுக்கு ஆய்வு நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள், மேற்படிப்பு என்று வழிகள் திறக்கும். அங்கெல்லாம் சான்றிதழோடு சேர்த்து, நீங்க எழுதிய ஆய்வையும் கேட்பாங்க.

இந்த வாரமே தொடங்கலாம்

* உங்களுக்குப் பிடித்த துறையின் கொள்கை விளக்கக் குறிப்பை தமிழ்நாடு அரசு இணையதளத்தில் டவுன்லோடு பண்ணுங்க. மானியக் கோரிக்கையின்போது சட்டமன்றத்தில் வைப்பது. தமிழிலேயே கிடைக்கும், காசு கிடையாது.
* அதில் சொல்லியிருப்பதற்கும் உங்க ஊரில் நடப்பதற்கும் உள்ள ஒரு வித்தியாசத்தைக் குறிச்சுக்கோங்க.
* தகவல் கிடைக்கலைன்னா தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்க. கட்டணம் 10 ரூபாய். 30 நாள்களுக்குள் பதில் தரணும்.
* கிடைத்ததை இரண்டு பக்கத்தில் எழுதுங்க.

நேர்காணலில் 'ஏன் இந்தத் துறைக்கு வர்றீங்க?' என்று கேட்கும்போது, காட்டுறதுக்கு அந்த ரெண்டு பக்கம் கையில இருக்கும்.