தும்பறை மலையில் பாம்பு பார்க்கப் போகிறவர்களுக்கு

வத்தேகமவிலிருந்து பன்வில வழியாக மேலே ஏறினால் தேயிலை முடிகிற இடத்தில் காடு தொடங்குகிறது. நக்கிள்ஸ் என்றும் தும்பறை மலைத்தொடர் என்றும் சொல்லப்படுகிற காடு அது. அருவி பார்க்கவும் மூடுபனிக்குள் கூடாரம் அடித்துத் தங்கவும் விடுமுறை கிடைத்தால் கண்டிப் பக்கத்து இளைஞர்கள் அங்கே போகிறார்கள். அவர்களில் ஒரு சிறு கூட்டம் பாம்பு பார்ப்பதற்கென்றே போகிறது. இதை வீட்டில் சொன்னால், வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வானேன் என்ற பதில்தான் வரும். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. பாம்புக்கடியால் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோரைப் பறிகொடுக்கிற நாடு இது. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு பாம்பு எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்த மழைக்குப் பிறகு வெளியே வரும் என்று தெரிந்தவர்தான் அதைப் பார்க்க முடியும். அந்தப் பாம்பிடம் கடிபடாமல் இருப்பதற்கும் தெரிய வேண்டியது அதுவேதான். முறையாகத் திட்டமிட்ட ஒரு பாம்புப் பயணம் ஆபத்தைத் தேடிப் போவது ஆகாது. ஆபத்து எங்கே இருக்கிறது என்று படித்துக்கொண்டு வருவது.

உலகில் இந்தப் பொழுதுபோக்குக்குப் பேர்போன இடங்களில் வறண்ட மலைகளும் உண்டு. அமெரிக்காவின் அரிசோனா, ஓமானின் ஹஜர், ஈரானின் சாக்ரோஸ் போன்ற இடங்களுக்குப் பாம்பு பார்ப்பதற்கென்றே ஆட்கள் போகிறார்கள். சாக்ரோஸ் மலையில் ஒரு விரியன் உண்டு. 2006இல்தான் விஞ்ஞானம் அதற்குத் தனி இனமாகப் பெயர் வைத்தது. அதன் வால் நுனி அச்சொட்டாகச் சிலந்தி மாதிரி இருக்கும். பாறையோடு பாறையாகக் கிடந்து வாலை மட்டும் அசைக்கும். சிலந்தி என்று நம்பி இறங்குகிற குருவி அதற்கு இரை. பாலைவன மலையில் பாம்பு தேடுகிறவர்களின் கணக்கு எளிமையானது. பாம்புக்குத் தன் உடம்பிலேயே சூடு உண்டாக்கிக்கொள்ளும் வசதி இல்லை; வெளியிலிருந்துதான் சூட்டை வாங்க வேண்டும், அதிகமானால் ஒதுங்க வேண்டும். ஆகவே கோடையில் பகல் முழுவதும் பாறை இடுக்கில் கிடக்கும். பொழுது சாய்ந்ததும் வெளியே வரும். வெயிலை வாங்கி வைத்திருக்கிற தார் வீதிக்கு முன்னிரவில் வந்துவிடும். தேடுகிறவர்கள் வாகனத்தை ஊர்ந்து ஓட்டிக்கொண்டு வீதியைப் பார்த்தபடி போவார்கள். அங்கே ஒரு கல்லைப் புரட்டுவதற்கு முன்பே வெப்பமானியைப் பார்த்து விடை சொல்லிவிடலாம்.

நக்கிள்ஸில் இந்தக் கணக்கை அப்படியே வைக்க முடியாது. ஒரே மலைத்தொடருக்கு இரண்டு முகங்கள். வத்தேகம, பன்வில, மடுல்கலை பார்த்த மேற்குப் பக்கம் தென்மேற்குப் பருவமழையை நேரே வாங்குகிறது. கிழக்குச் சரிவு மழை மறைவில் இருக்கிறது. உச்சியான கொம்பனிய 1,906 மீட்டர். அங்கே காற்றில் குறுகிப்போன குட்டை மரங்கள். கிழக்கே மினிப்பே பக்கம் இறங்கினால் உலர்வலயக் காடு. ரிவர்ஸ்டனுக்கு அப்பால் பிட்டவல பத்தனையில் மெல்லிய மண் படிந்த புல்வெளி. பாலைவன மலைக்குச் சற்றேனும் நெருங்கிய இடம் இந்த மலையில் எங்கே என்று கேட்டால் அந்தக் கிழக்குச் சரிவைத்தான் காட்டலாம். நாகம், கண்ணாடி விரியன், கட்டுவிரியன் எல்லாம் பெரும்பாலும் தாழ்ந்த அந்தப் பக்கத்தார். ஈரமான மேற்கில் பாம்பு வெளியே வருவதைத் தீர்மானிப்பதில் சூட்டைப்போல ஈரமும் முக்கியம். மாலை மழை பெய்து ஓய்ந்த இரவில் தவளை கத்தத் தொடங்கும். தவளையைத் தேடிப் பாம்பு வரும்.

அந்த இரவில் பார்க்கக் கிடைப்பவற்றுள் அழகில் முதலாவது பச்சைக் குழிவிரியன். இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாதது. இலைப் பச்சையில் கருங்கோடுகள் கலந்து, ஓடையோரக் கிளையில் சுருண்டு, தலையை மட்டும் கீழே தொங்கவிட்டுக் காத்திருக்கும். கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவில் ஒரு சிறு குழி தெரியும். இருட்டில் எலியின் உடல் வெப்பத்தை அது அந்தக் குழியால் அறிகிறது. மண்ணுக்கடியில் வேறொரு உலகம். கேடயவால் பாம்புக் குடும்பம் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உண்டு. விரல் தடிப்பில், கண் இருப்பதே தெரியாமல், கூரிய மூக்கால் மண்ணைத் துளைத்துப் போகிற சாதுவான பிராணிகள் இவை. வால் வெட்டி எடுத்தது போல் மொட்டையாக முடியும். அந்த முனை சொரசொரப்பாக இருப்பதால் ஒரு பிடி மண் எப்போதும் அதில் ஒட்டியிருக்கும். தான் போன வளையை அதனாலேயே அடைத்துக்கொண்டு போகும் என்று கருதப்படுகிறது. தோட்டத்தில் மண் கொத்துகிறபோது வெளியே வந்து, விஷப்பாம்பு என்ற பெயரில் மண்வெட்டியால் வெட்டுண்டு சாகின்றன. இலைச் சருகுக்குள் வாழும் சிறு பாம்பான அஸ்பிடுராவில் ஓர் இனம் 2019இல்தான் நக்கிள்ஸிலிருந்து புதிதாக விவரிக்கப்பட்டது. பிராங்க் வால் என்ற இராணுவ மருத்துவர் 1921இல் இலங்கைப் பாம்புகளைப் பற்றித் தடித்த நூல் ஒன்றை எழுதி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்தும், காலடிச் சருகில் பெயரிடப்படாத பாம்பு ஒன்று இருந்திருக்கிறது.

இனி, எல்லாவற்றிலும் அதிகமாகத் தெரிந்துகொள்ள வேண்டிய பாம்பு. சிங்களத்தில் குணகட்டுவா, பொலொன் தெலிஸ்ஸா என்று சொல்லப்படும் குட்டையான குழிவிரியன். ஒரு முழ நீளம்தான் இருக்கும். மூக்கு நுனி மேல்நோக்கித் தூக்கியிருக்கும். முக்கோணத் தலையைச் சாய்வாக உயர்த்திக்கொண்டு காய்ந்த இலைக்குள் காய்ந்த இலையாகக் கிடக்கும். ஆள் வருகிறான் என்று ஓடாது. கிடந்த இடத்திலேயே கிடந்து, மிதித்தால் கடிக்கும். இலங்கையில் நிகழும் பாம்புக்கடிகளில் 35 முதல் 45 சதவீதம் வரை இதன் கடி என்று மருத்துவ ஆய்வுகள் சொல்கின்றன. நீண்ட காலம் இதைப் பெரிய ஆபத்தில்லாத பாம்பு என்றே நினைத்திருந்தார்கள். பிறகுதான் சிலருக்கு இரத்தம் உறையாமல் போவதும் சிறுநீரகம் செயலிழப்பதும், அரிதாக உயிரே போவதும் பதிவாயின. இங்கே பயன்படும் விஷமுறிவு மருந்து இந்தியாவிலிருந்து வருவது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் விஷத்துக்கு எதிராகச் செய்யப்படுகிறது. குட்டைக் குழிவிரியனுக்கும் பச்சைக் குழிவிரியனுக்கும் அது உதவாது. அதாவது நக்கிள்ஸின் ஈரப் பக்கத்தில் சந்திக்கக்கூடிய இரண்டு முக்கிய விஷப்பாம்புகளுக்கும் குறிப்பான மருந்து வைத்தியசாலையில் இல்லை. இருப்பது கண்காணிப்பும், சிக்கலுக்கு ஏற்ற சிகிச்சையும், தேவைப்பட்டால் இரத்தச் சுத்திகரிப்பும்தான்.

அப்படியானால் போகாமல் இருப்பதுதானே புத்தி என்று கேட்கலாம். இதற்கு எண்களே பதில் சொல்கின்றன. நாடு தழுவிய வீட்டுக்கு வீடு கணக்கெடுப்பு ஒன்றின் முடிவு 2016இல் வெளியானது. அதன்படி இலங்கையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 80,000 பேர் கடிபடுகிறார்கள். 30,000 பேருக்கு விஷம் ஏறுகிறது. 400க்கும் அதிகமானோர் இறக்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் கூடாரத்தோடு காட்டுக்குப் போனவர்கள் அல்லர். வயலிலும் தோட்டத்திலும் வீட்டு முற்றத்திலும் கடிபட்டவர்கள். குட்டைக் குழிவிரியன் கடிப்பது பெரும்பாலும் காலில், வீட்டைச் சுற்றி, வெளிச்சம் குறைந்த நேரத்தில். பாம்பை எதிர்பார்த்து, கணுக்கால் மூடிய சப்பாத்து போட்டு, டோர்ச் வெளிச்சத்தில் அடுத்த அடி எங்கே என்று பார்த்து வைக்கிறவனை அது கடிப்பது அரிது. செருப்போடு விறகு எடுக்கப் போகிறவனைக் கடிக்கிறது. காட்டுக்குப் போகாதே என்ற அறிவுரை இந்த 80,000 பேரில் எவரையும் காப்பாற்றவில்லை.

ஆகவே திட்டத்தின் முதல் வரி எந்தப் பாம்பு என்பதல்ல, எந்த வைத்தியசாலை என்பது. ஹுன்னஸ்கிரிய வழியாகக் கோர்பெட்ஸ் கேப் பக்கம் போகிறவர்களுக்குத் தெல்தெனிய ஆதார வைத்தியசாலை. அதற்கும் மேல் கண்டி தேசிய வைத்தியசாலையும் பேராதனைப் போதனா வைத்தியசாலையும். 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் தீவு முழுவதும் இருக்கிறது. ஆனால் மலைக்குப் பின்னால் பல பள்ளங்களில் கைப்பேசி அலை கிடைக்காது. எனவே கூடாரம் போடும் இடத்திலிருந்து வாகனம் நிற்கும் இடத்துக்கு ஒருவரைத் தூக்கி வர எத்தனை மணி நேரம் என்று புறப்படுவதற்கு முன்பே கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கு சரிவராத இடத்தில் தங்கக்கூடாது. கடிபட்டால் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான்: மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றுவது, கடிபட்ட காலை அசைக்காமல் வைப்பது, புறப்படுவது. கீறுவதும் உறிஞ்சுவதும் இறுக்கிக் கட்டுவதும் கேடு. பாம்பை அடித்து எடுத்துப் போகத் தேவையில்லை. தள்ளி நின்று எடுத்த ஒரு படம் போதும். வைத்தியசாலையில் இரத்தத்தில் கொஞ்சத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துவிட்டுச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விஷம் இரத்தத்தில் வேலை செய்கிறது என்று பொருள். வசதி குறைந்த வைத்தியசாலையிலும் செய்யக்கூடிய இந்தச் சோதனை உயிர் காப்பது.

மற்றவை இதற்குப் பிறகு. நக்கிள்ஸ் 2000ஆம் ஆண்டு பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவிக்கப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. வனத் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் தங்க முடியாது. இரவில் நடப்பதானால் அதையும் சொல்லியே அனுமதி பெற வேண்டும், வழிகாட்டியோடு போக வேண்டும். பாம்புக்கு நல்ல காலம் பருவமழைகளுக்கு இடைப்பட்ட மார்ச் கடைசியும் ஏப்ரலும். பிற்பகல் இடிமழை, இரவில் ஈரம். இன்னோர் இடைப்பருவமான ஒக்டோபர், நவம்பரும் பாம்புக்கு நல்லதுதான், மனிதருக்கு நல்லதல்ல. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கண்டி, மாத்தளை மலைகளைச் சரித்த விதம் அதைச் சொல்லும். மண்சரிவு எச்சரிக்கை இருக்கும் நாளில் எந்தப் பாம்புக்காகவும் சரிவில் கூடாரம் போடக்கூடாது. கிழக்குப் பக்கத்தில் தங்கினால் சிப் பூட்டிய கூடாரத்துக்குள்ளேதான் தூக்கம். கட்டுவிரியன் தரையில் உறங்குகிறவரை வலியே தெரியாமல் கடிக்கும். மேற்கில் அட்டைக்காக நீளக் காலுறையும் போட வேண்டும். கல்லையும் கட்டையையும் புரட்டுவதில்லை; புரட்டினால் அங்கிருந்த ஈரம் போகும், அதை நம்பியிருந்த உயிரும் போகும்.

போகாமல் இருப்பதே புத்தி என்பதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. பாம்பு பார்க்கிற பழக்கம் பரவினால் கடத்தல்காரனுக்கும் வழி தெரிந்துவிடும். இது கற்பனைப் பயமல்ல. 2020 மே மாதம் யால தேசியப் பூங்காவில் நூற்றுக்கணக்கான பூச்சிகளைப் போத்தல்களில் அடைத்து வைத்திருந்த வெளிநாட்டவர் இருவர் பிடிபட்டார்கள்; 2024இல் நீதிமன்றம் 6 கோடி ரூபா தண்டம் விதித்தது. நக்கிள்ஸில் மட்டுமே வாழும் ஓணான்களான தும்பறைக் குட்டை ஓணானும் இலைமூக்கு ஓணானும் வெளிநாட்டுச் செல்லப்பிராணிச் சந்தைக்குப் போவது தெரிந்தபிறகு, இலங்கையின் கோரிக்கையின்பேரில் 2019இல் ஜெனீவாவில் கூடிய, வனவுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மாநாடு அவற்றின் சர்வதேச வணிகத்தைத் தடை செய்தது. இந்த மறுப்பை ஒப்புக்கொண்டே பதில் சொல்ல வேண்டும். படம் போடலாம், இடம் போடக்கூடாது. கைப்பேசிப் படத்தோடு ஒட்டிக்கொண்டு போகிற இடக்குறிப்பை நீக்க வேண்டும். கூடவே இதையும் நினைக்க வேண்டும்: கடத்துகிறவன் கேட்டுக்கொண்டு வருவதில்லை, அவனை முதலில் காண்கிறவர்கள் அடிக்கடி காட்டுக்குள் நடக்கிற பார்வையாளர்களும் உள்ளூர் வழிகாட்டிகளும்தான். யாரும் போகாத காட்டில் யாரும் பார்க்க மாட்டார்கள்.

இந்த அறிவு கமரா வைத்திருக்கிறவர்களோடு நின்றுவிட்டால் அது பாதி வேலைதான். பன்வில, மடுல்கலை, கெலபொக்க தோட்டங்களில் கொழுந்து பறிக்கிற பெண்கள் பச்சைக் குழிவிரியன் இருக்கக்கூடிய செடிக்குள் தினமும் கையை விடுகிறார்கள். அதே பாம்பு கொழுந்து பறிப்பவர்களைக் கையில் கடிப்பது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. லயத்துக்குப் பின்னால் குவித்த விறகுக்குள் குட்டைக் குழிவிரியன் குடியிருக்கும். நாகத்தைக் கண்டால் நாகதம்பிரான் என்று கும்பிட்டு வழிவிடுகிற இதே சனம் மற்றப் பாம்பை எல்லாம் ஒரே தடியால் அடிக்கிறது, கேடயவாலையும் சேர்த்து. அடிக்கக் கிட்டப் போகிறவருக்குக் கடிபடும் ஆபத்தும் கூடுகிறது. நகரத்திலிருந்து வருகிற குழுக்கள் வழிகாட்டிகளை இந்தத் தோட்டங்களிலிருந்து எடுக்க வேண்டும். மலைக்கு ஏறும் முன் ஒரு மாலையைத் தோட்டப் பாடசாலையில் கழித்து, கடிக்கிற இரண்டு பாம்பு எவை, கடிக்காதவை எவை, விறகை எங்கே அடுக்குவது, கடிபட்டால் எங்கே போவது என்று படம் காட்டித் தமிழில் பேச வேண்டும். காலில் கடிக்கிற பாம்புக்கு எதிராக இன்று கையில் இருக்கிற உறுதியான மருந்து இறப்பர் பூட்ஸ் ஒன்றுதான். கொழுந்து மலைக்குப் போகிற ஒவ்வொரு தொழிலாளிக்கும் அதைத் தோட்ட நிர்வாகம் கொடுக்க வேண்டும். தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தை மேசையிலேயே அதைக் கேட்க வேண்டும்.