தேத்தண்ணீரும் திசைச்சொல்லும்

ஒரு நாட்டின் வரலாற்றைக் கற்க விரும்புவோர் ஏட்டையும் கல்வெட்டையும் நாடுவர். அவற்றோடு சேர்த்து நாடத்தக்க இடம் இன்னும் ஒன்று உண்டு. அது தெருமுனைத் தேத்தண்ணீர்க் கடை. அங்குள்ள வாங்கில் அமர்ந்து, கோப்பையைக் கையில் ஏந்தி, அயலில் இருப்போர் பேசுவதைச் சற்றே செவிமடுத்தால், நானூறு ஆண்டுக் கால வரலாறு சொற்களாக நம்முன் வந்து நிற்கும். மட்டக்களப்பு வாவிக் கரையிலுள்ள சில கடைகளுக்கு அண்மையில் நண்பர் ஒருவருடன் சென்று வந்தேன். அங்கே கேட்டவற்றையும், அவைபற்றி எண்ணியவற்றையும் ஆசிரியர்களும் மாணவர்களும் அறியவேண்டும் என்னும் விருப்பினால் இதனை எழுதுகின்றேன்.

நண்பர் காத்தான்குடியைச் சேர்ந்தவர். வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர். என்னினும் மூத்தவராதலின் யான் அவரை ‘நானா’ என்பேன். அவர் என்னைப் ‘பண்டிதர்’ என்பார். அவருடைய பேத்தி பள்ளிக் கட்டுரை ஒன்றிலே ‘தேத்தண்ணீர்’ என்று எழுதியிருந்தாள். திருத்தியவர் அச்சொல்லைச் சிவப்பு மையாற் கோடிட்டு, ‘கொச்சை’ எனக் குறித்து, மேலே ‘தேநீர்’ என எழுதிவிட்டார். அதனளவில் அஃது ஒரு சிறு செய்திதான். ஆனால் அன்றுமுதல் உம்மம்மா வாய்திறக்குந்தோறும் பிள்ளை அவரைத் திருத்தத் தொடங்கினாள். உம்மம்மாவோ பேத்தியின்முன் பேச்சையே குறைத்துக்கொண்டார்.

“எழுபது வருசமாப் பேசின பேச்சு, பண்டிதர், ஒரு சிவப்புக் கோட்டால பிழையாப் போச்சு. உங்கட இலக்கணம் இதுக்கு என்ன சொல்லுது?” என்று நண்பர் கேட்டார்.

இலக்கணம் சொல்வதைப் பின்னர்ப் பார்ப்போம், முதலில் மக்கள் சொல்வதைக் கேட்டு வருவோம் என்றேன். அவ்வாறே ஒரு நாட்காலையில் இருவரும் புறப்பட்டோம்.

புளியந்தீவில்

நகரத்துக் கடையொன்றில் முதலில் அமர்ந்தோம். கந்தோருக்குச் செல்வோரும், சந்தைக்கு மீன் கொணர்ந்தோரும், பேருந்துக்குக் காத்திருப்போருமாகக் கடை நிறைந்திருந்தது. “ரெண்டு பால் தேத்தண்ணி, ஒரு பிளேன்டி!” என்ற குரல் ஓயவில்லை. வாசற் பலகையில் ‘தேநீர்ச்சாலை’ என அழகிய எழுத்தில் எழுதியிருந்தது. ஆயினும், யாம் இருந்த ஒரு மணி நேரத்தில் அச்சொல்லைச் சொன்னவர் ஒருவருமிலர். கோப்பிக்கென அறிஞர் சிலர் ஆக்கித்தந்த ‘குளம்பி’ என்னும் சொல்லையும் கேட்டிலோம்.

எமக்கு எதிரே பறங்கியர் குலத்து முதியவர் ஒருவர் இருந்தார், தச்சுத் தொழிலர். மட்டக்களப்புப் பறங்கியர் வீடுகள் சிலவற்றில் போர்த்துக்கேயக் கிரியோல் மொழி இன்றும் வழங்குகின்றது. மேசை, கோப்பை என்னும் சொற்களைத் தம் வீட்டு மொழியிலும் ஏறக்குறைய அப்படியே சொல்வதாகக் கூறி அவர் நகைத்தார். போர்த்துக்கேயர் மட்டக்களப்பிற் கோட்டை கட்டியது 1628ஆம் ஆண்டில். பத்தாண்டு கழித்து, 1638இல், அஃது ஒல்லாந்தர் கைப்பட்டது. கோட்டையை ஆண்ட காலம் குறுகியதாயினும், போர்த்துக்கேயர் இலங்கைத் தமிழுக்கு விட்டுச்சென்ற சொற்கள் நீடித்து நிற்கின்றன. மேசை, வாங்கு, கோப்பை, பீரிசு, பாண், அலுமாரி என ஒரு தேத்தண்ணீர்க் கடையை நிரப்பப் போதுமானவை அவை.

அடுத்து வந்த ஒல்லாந்தர், கந்தோர் என்னும் சொல்லோடு கோப்பி, தே என்னும் இரண்டையும் தந்தனர். ஒல்லாந்தக் கடற்றலைவர் யோரிசு வான் சிப்பில்பேர்கன் 1602ஆம் ஆண்டில் இலங்கையில் முதன்முதல் வந்திறங்கியது இம்மட்டக்களப்பிலேதான். ஆனால் அன்று அவர் கப்பலில் கோப்பியோ தேயிலையோ வந்திருக்கும் என எண்ணவேண்டா. அக்காலத்து ஒல்லாந்தர் அவற்றைப் பருகப் பழகியிருக்கவில்லை. சொல்லும் சுவையும் பின்னரே வந்தன. இருக்கும் பலகைக்கும் குடிக்கும் கலத்துக்கும் பெயர் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. கலத்தில் ஊற்றப்படுவதற்குப் பெயர் ஒல்லாந்தரிடமிருந்து வந்தது எனலாம்.

காத்தான்குடியில்

பிற்பகலில், பெருந்தெருவின் நடுவே பேரீச்ச மரங்கள் வரிசையாய் நிற்கும் காத்தான்குடியை அடைந்தோம். அசர்த் தொழுகை முடித்து வந்தோர் கடைகளில் அமர்ந்திருந்தனர். நண்பர் இங்கே வரலாற்றாசிரியர் ஆகிவிட்டார்.

கோப்பியைக் குடிபொருளாக வளர்த்தவர்கள் யெமன் நாட்டுச் சூபிகள். இறைவனை நினைந்து இரவெல்லாம் விழித்திருக்க அஃது உதவிற்று. அரபியர் அதனைக் ‘கஹ்வா’ என்றனர்; துருக்கியர் ‘கஹ்வே’ என்றனர்; ஒல்லாந்தர் ‘கொஃபி’ என்றனர். நம் முன்னோர் ‘கோப்பி’ என்றனர். தமிழகத்தார் வழங்கும் ‘காப்பி’ ஆங்கிலத்தின் வழியாகச் சென்ற சொல். ஆதலின் கோப்பி என்பது காப்பியின் சிதைவு அன்று. ஒரே ஊற்றினின்று வேறு வாய்க்கால் வழியாக வந்த நீர் அது. இதனை அறியாத சிலர் நம் பிள்ளைகள் கோப்பி என்று எழுதினால் காப்பி எனத் திருத்துவதுண்டு.

கோப்பி சென்ற இடமெல்லாம் கூட்டமும் பேச்சும் சென்றன. 1511இல் மக்காவின் ஆளுநர் அதனைத் தடைசெய்தார். 1675இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்ள்சு கோப்பிக் கடைகளை மூடுமாறு ஆணை பிறப்பித்து, எதிர்ப்புக் கண்டு சின்னாளிலே மீட்டுக்கொண்டார். மன்னரை அச்சுறுத்தியது அங்கு அமர்ந்தோர் பேசிய பேச்சே.

நம் நாட்டிலும் ஒருகாலத்தில் மலையெங்கும் கோப்பித் தோட்டங்களே இருந்தன. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் இருபது ஆண்டுக்குள் அவற்றை அழித்தது. அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1867இல், சேம்சு தெயிலர் லூல்கந்துரையிற் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பி வீழ்ந்த நிலத்தில் தேயிலை எழுந்தது. ஆகவேதான் இன்று நாம் ‘கோப்பிக் கடை’ என்று சொல்லிச் சென்றாலும் பெரும்பாலும் தேத்தண்ணீரே குடித்து வருகின்றோம்.

இக்கடையில் இருந்தபோது இருவர் நெஞ்சிலும் வேறொரு நினைவும் எழுந்தது. 1990ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் இவ்வூர்ப் பள்ளிவாசல்களிலே தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் சத்துருக்கொண்டானிலே தமிழ்க் கிராமத்து மக்கள் கொல்லப்பட்டனர். தமிழரும் சோனகரும் ஒருவர் கடையில் மற்றவர் அமரத் தயங்கிய ஆண்டுகள் பல சென்றன. மெல்ல மெல்ல அத்தயக்கம் தேய்ந்துவந்த வேளையில், 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் நாள் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலே குண்டு வெடித்தது. மீண்டும் வாங்குகள் வெறுமையாயின. அந்நாள்களில் நண்பரும் யானும் தொலைபேசியில் மட்டுமே பேசினோம். ஆனால் ஒன்று சொல்வேன்: மனிதர் எழுந்து விலகிப்போன அக்காலத்திலும் சொற்கள் விலகவில்லை. கல்லடியில் தமிழன் கேட்டதும் தேத்தண்ணிதான். காத்தான்குடியிற் சோனகன் கேட்டதும் தேத்தண்ணிதான்.

படுவான்கரையில்

மாலையில் ஆரையம்பதி கடந்து மண்முனைப் பாலத்தின் வழியே வாவியின் மேற்குக் கரைக்குச் சென்றோம். ஞாயிறு எழும் கரை எழுவான்கரை. படும் கரை படுவான்கரை. இத்தகைய அழகிய பெயர்களை எந்தப் புலவரும் அமர்ந்து ஆக்கியதில்லை. உழவரும் மீனவரும் இட்ட பெயர்கள் இவை. 2014இல் இப்பாலம் திறக்கப்படும்வரை ‘பாதை’ என நாம் வழங்கும் மிதவையிலேதான் இத்துறையைக் கடப்போம். பாதைக்குக் காத்திருக்கும் நேரம் தேத்தண்ணீர் குடிக்கும் நேரமாயிருந்தது.

அக்கரையில் எண்பதை அண்மிய மூதாட்டி ஒருவர் ஓலைக் கொட்டிலிற் கடை வைத்திருந்தார். “இரிங்க மனே. முதல்ல தண்ணி குடிங்க, மறுகா கோப்பி தாறன்” என்றார். மல்லியும் சுக்கும் சேர்த்து வறுத்து, உரலில் இடித்த கோப்பி அது. ‘மறுகா’ என்பது ‘பிறகு’ எனப் பொருள்படும். மறு என்னும் பழந்தமிழ் அடி அதனுள் உயிரோடிருக்கிறது. பேச்சுத் தமிழ் வழக்குகளுள் ஏட்டு வழக்கிற்கு மிக அண்மியது மட்டக்களப்பு வழக்கே எனச் செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில் குறித்திருக்கின்றார். பண்டிதர் வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்னும் நூலிலே இப்பகுதியின் சொல்வளத்தை எடுத்துக்காட்டினார். இவ்வளவு பெருமையுடைய பேச்சைத்தான் நாம் பிள்ளைகளிடம் ‘கொச்சை’ என்கின்றோம்.

விடிய விடியக் கூத்து நடக்கும் இரவுகளிற் களரியைச் சூழ்ந்திருப்போர்க்குத் தம் தாய் பானை பானையாகக் கோப்பி காய்ச்சியதை மூதாட்டி கூறினார். யெமன் நாட்டுச் சூபியைத் தொழுகையில் விழித்திருக்கச் செய்த பானம், படுவான்கரை உழவனை வடமோடிக் கூத்தில் விழித்திருக்கச் செய்திருக்கிறது.

இலக்கணம் சொல்வது

திரும்பும் வழியில் நண்பருக்கு விடை கூறினேன். ‘தே’ என்பது சீனத்துத் தென்கிழக்குக் கரையாரின் சொல். ஒல்லாந்தர் வழியாக நமக்கு வந்தது. ‘தேநீர்’ என்று எழுதினாலும், ‘தேத்தண்ணீர்’ என்று எழுதினாலும் முன்னிற்பது அதே சீனச் சொல்தான். ஆகவே ஒன்று தூய்மையானது, மற்றது தூய்மையற்றது என்பதற்கு இடமில்லை. இனி, தண்ணீர் என்பது குளிர்ந்த நீராயிற்றே, சுடும் பானத்தை அவ்வாறு சொல்லலாமோ எனிற் சொல்லலாம். தண்மைப் பொருள் தேய்ந்து நீர் என்னும் பொதுப்பொருள் பெற்றதனாலன்றோ ‘சுடுதண்ணீர்’ என்கின்றோம்.

புணர்ச்சியையும் நோக்குக. உயிரீற்றின் முன் வல்லினம் மிகும் என்னும் பொதுவிதிப்படி தே + தண்ணீர் தேத்தண்ணீர் ஆயிற்று. உயிர் வரும்போது யகர உடம்படுமெய் பெற்றுத் தே + இலை தேயிலை ஆயிற்று. நன்னூலைக் கண்ணாலும் காணாத உழவன், வேற்றுநாட்டுச் சொல்லைத் தமிழ்ப் புணர்ச்சிக்குள் பிழையின்றி அடக்கிவிட்டான். ‘தேத்தண்ணி’ என ஈறு தேய்வது பேச்சு. ‘தேத்தண்ணீர்’ என முழுமையாய் நிற்பது எழுத்து. அப்பிள்ளை எழுதியது எழுத்து வழக்கே.

சொற்களைத் தொல்காப்பியர் இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார். தமிழல்லாத மொழி வழங்கும் நாட்டுச் சொற்களையும் நன்னூல் திசைச்சொல்லுள் அடக்கிற்று. உரைமரபு எண்ணிக்காட்டும் அந்நிலங்களுள் சிங்களம் உண்டு, சீனம் உண்டு, சோனகமும் உண்டு. இதைக் கேட்டதும் நண்பர், “அப்ப எங்களுக்கும் உங்கட நன்னூல்ல இடம் இருக்கு” என்று சிரித்தார். சீனத்துத் தேயும், சோனகத்துக் கோப்பியும் வந்து சேருமுன்னரே அவற்றுக்கு இருக்கை இட்டு வைத்த இலக்கணம் நம்முடையது.

இம்மண்ணிற் பிறந்த விபுலாநந்த அடிகளார் 1936இல் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். புதுச் சொல் ஆக்கவேண்டிய துறைகளில் ஆக்குவது கடமை என்பதை அவர் பணி காட்டும். ஆனால் அறிவியலுக்குச் சொல் ஆக்குவது வேறு. வீட்டு அடுக்களையிற் பல தலைமுறை வாழ்ந்த சொல்லை வெளியேற்றுவது வேறு.

தேத்தண்ணீர்க் கடையின் வரலாற்றில் இழிவும் உண்டு. யாழ்ப்பாணத்திலும் தமிழகத்திலும், சாதியின் பெயரால் சிலருக்குத் தனிக்கலமும் தனியிடமும் வகுத்த கடைகள் இருந்தன. நம் பகுதியும் இதற்கு முற்றிலும் விலக்கன்று. இலங்கையில் 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் அதனைக் குற்றமாக்கிற்று. சட்டத்தின் பின்னரும் மக்கள் போராடியே உள்நுழைய வேண்டியிருந்தது. வகுப்பறையில் ஒரு பிள்ளையின் வீட்டுச் சொல்லைக் ‘கொச்சை’ என்று ஒதுக்கும்போது, நாமும் அச்சொல்லுக்கு ஒரு தனிக்குவளை வைக்கின்றோம். ஒதுக்கப்படுவது சொல் மட்டுமன்று. அதைச் சொல்லித்தந்த பாட்டியும் ஒதுக்கப்படுகின்றாள்.

ஆசிரிய நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே. பொது எழுத்து வழக்கைக் கற்பியுங்கள். அதிற் குறைவைக்க வேண்டா. தேநீர் என்னும் சொல்லையும் சொல்லிக்கொடுங்கள். அதனோடு தேத்தண்ணீர் எங்கிருந்து வந்தது, கோப்பி யார் கைமாறி வந்தது, வாங்கும் பீரிசும் எவர் விட்டுச்சென்றவை என்பதையும் சொல்லுங்கள். மொழிப்பாடம், வரலாற்றுப்பாடம் இரண்டும் ஒரு கோப்பைக்குள் அடங்கும். பிள்ளைகளை ஒருநாள் தத்தம் வீட்டுப் பெரியோரிடம் அனுப்பி, அடுக்களைச் சொற்கள் பத்தைக் கேட்டு எழுதிவரச் செய்யுங்கள். வீட்டாரைத் திருத்தும் பிள்ளை, வீட்டாரைக் கேட்கும் பிள்ளையாக மாறும். அவ்வேட்டைத் திருத்தும்போது சிவப்பு மை சிறிதே செலவாகும் என்பது என் துணிபு.