அஞ்சு நிமிஷ வேலைங்க, தம்பி!

நான் படித்தது பி.காம். 'டாலி'யில் கணக்குப் போடத் தெரியும், அவ்வளவுதான். அருள்புரத்தில் அது போதும் சார்! பல்லடம் ரோட்டில் பத்துப் பனியன் கம்பெனிகளுக்கு நான்தான் 'கம்ப்யூட்டர் தம்பி'.

போன் பேச்சு எப்போதும் ஒரே மாதிரிதான். "ஏனுங்க தம்பி, சாப்டாச்சுங்களா? சும்மா ஒரு அஞ்சு நிமிஷ வேலைங்க..." அந்த அஞ்சு நிமிஷத்தில் என் ஞாயிற்றுக்கிழமையே காலி.

"என்னங்கண்ணா பண்ணினீங்க?"

"ஒண்ணும் பண்ணலீங்க. தானா நின்னுபோச்சு."

உலகத்தில் கெட்டுப்போன எல்லாக் கம்ப்யூட்டரும் தானாகக் கெட்டதுதான்!

சி.பி.யு.வைத் திறந்தால், குழந்தைத் தலையணைக்கு ஆகிற அளவு பஞ்சு. கட்டிங், தையல் பக்கம் பறப்பதையெல்லாம் உள்ளே இருக்கும் ஃபேன் இழுத்துக்கொள்ளும். காற்றுக்கு வழியில்லாமல் பிராசசர் சூடேறும். சூடு எல்லை மீறினால் மெஷின் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். (ஆக, 'தானா நின்னுபோச்சு' என்பதில் கொஞ்சம் உண்மையும் உண்டு.) பிரஷ்ஷால் தட்டி, ரேமைக் கழற்றிப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினால் பாதிக் கேஸ் எழுந்து உட்கார்ந்துவிடும். "இவ்வளவுதானுங்களா!" என்பார் முதலாளி. தையல் மெஷின் மெக்கானிக்குக் கூலியை எண்ணிக் கொடுக்கிற அதே கை, நமக்கு ஒரு டீ சொல்லும்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து, மாதா மாதம் ரிட்டர்ன் கெடுவான 20-ம் தேதி எனக்குச் சிவராத்திரி. பாஸ்வேர்ட் யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஓ.டி.பி. வர வேண்டிய போன், முதலாளியின் மச்சானோடு சபரிமலை போயிருக்கும்.

சிரிக்க முடியாத கேஸும் உண்டு. ஒரு பவர் டேபிள். பீஸ் ரேட், சனிக்கிழமை சம்பளம். யார் எத்தனை டஜன் தைத்தார்கள் என்பதெல்லாம் ஒரே எக்ஸெல் ஃபைலில். சனி மத்தியானம் ஒரு ஃபைலும் திறக்கவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் புரியாத ஒரு வால். பணம் கேட்டு இங்கிலீஷில் ஒரு கடிதம்.

2017 மே மாதம் சுமார் 150 நாடுகளில் புகுந்து, இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளையே முடக்கிய 'வானாக்ரை'யும் இந்த ரகம்தான். அதைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள். இங்கேயோ திருட்டு விண்டோஸ். அப்டேட் என்றாலே, "அதை ஆஃப் பண்ணிடுங்க தம்பி!"

"பேக்கப் இருக்குங்களா?"

"இருக்குதுங்க. இதே கம்ப்யூட்டர்லதான், டி டிரைவ்ல."

அந்த டிரைவுக்கும் வால் முளைத்திருந்தது.

வாசலில் முப்பது பேர் நிற்கிறார்கள். ஒருத்தருக்கு மளிகைக் கடன், ஒருத்தருக்கு வாடகை, ஒடிசா பையனுக்கு ஊருக்குப் பணம் அனுப்பணும். காப்பாற்றியது செக்கிங் அக்கா. தினமும் யார் எத்தனை பீஸ் என்று நோட்டில் பேனாவால் குறித்து வைத்திருந்தார். "எனக்கு அந்தப் பொட்டி மேல நம்பிக்கையில்லீங்க." அவர் வாசிக்க, நான் கால்குலேட்டரில் கூட்ட, ராத்திரி பத்து மணிக்குச் சம்பளம் போட்டு முடித்தோம். பி.காம். அன்றைக்குத்தான் உபயோகப்பட்டது!

அடுத்த வாரமே முதலாளி தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கினார். காப்பி எடுத்ததும் கழற்றிப் பத்திரமாக வைக்கணும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். போன மாதம் போய்ப் பார்த்தேன். பத்திரமாகத்தான் இருந்தது. டப்பாவே பிரிக்காமல், சாமி படத்துக்குப் பக்கத்தில், சந்தனப் பொட்டோடு!