ஊர்ப் பசி – 17: அட்டை இல்லாத வீடு

பெருங்குடியில் பழைய மகாபலிபுரம் சாலையை விட்டுக் கிழக்கே திரும்பினால் பக்கிங்காம் கால்வாய். கறுத்த தண்ணீர், கரை முழுக்க ஆகாயத்தாமரை. மேற்கே கணினி நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள், அவற்றுக்குப் பின்னால் கல்லுக்குட்டை. பசியைப் பற்றிய தொடரில் இந்தக் கால்வாய்க்கு என்ன வேலை? இருக்கிறது. இங்கிருந்து மரக்காணம் பக்கம் போகும் தென் கால்வாயையும், நகருக்கு வடக்கே போகும் கால்வாயையும் இணைக்கும் துண்டு, அடையாற்றுக்கும் கூவத்துக்கும் நடுவே சுமார் 8 கிலோமீட்டர், 1876-78 பஞ்சத்தில் பட்டினி கிடந்தவர்களைக் கொண்டு வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநரின் பெயரைத்தான் கால்வாய் இன்றும் சுமக்கிறது.

அந்தப் பஞ்சத்தில் அரசின் நிவாரணத்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது: வேலை செய்தால் கூலி. இந்திய அரசு அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள் வந்து அந்தக் கூலியையும் குறைத்தார். ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலை, மேலே ஓர் அணா. ஒரு பவுண்டு என்றால் அரைக்கிலோவுக்கும் குறைவு. மண் சுமக்கிற உடம்புக்கு இது போதாது என்று சென்னை சுகாதார ஆணையர் கார்னிஷ் மல்லுக்கட்டினார். சில மாதங்களில் கூலி உயர்ந்தது. அதற்குள் போன உயிர்கள் போனவைதான்.

மண் சுமக்கவே முடியாதவர்கள் என்ன ஆனார்கள்? கிழவிகள், பிள்ளை பெற்றவள், காய்ச்சலில் கிடந்தவன், கடன் வாங்கியாவது மானத்தைக் காப்பாற்றிக் கதவைச் சாத்திக்கொண்டவன். லண்டன் மேயர் திரட்டிய மான்ஷன் ஹவுஸ் நிதி 1877 கடைசியில் ஊர்க் குழுக்கள் வழியாக இவர்களில் சிலரை எட்டியது. அந்தக் குழுக்களில் மிஷன்காரர்களும் இருந்தார்கள். எந்தத் தெருவில் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று பங்குச் சாமியாருக்கும் உபதேசியாருக்கும் தெரிந்திருந்தது, தாசில்தாருக்குத் தெரியவில்லை. கோயில் வழி வந்த உதவியின் பலம் இதுதான் என்று நினைக்கிறேன். அரிசி மூட்டையின் கணக்கில் அரசோடு எந்தச் சபையும் போட்டி போட முடியாது. வீட்டைக் கண்டுபிடிப்பதில் முடியும்.

அதே பஞ்சத்துக்குப் பின் திருநெல்வேலிச் சீமையில் பல ஆயிரம் பேர் கிறிஸ்தவத்தில் சேர்ந்தார்கள். சோற்றுக்குச் சேர்ந்தவர்கள் என்ற ஏச்சு அன்று தொடங்கியது, இன்னும் ஓயவில்லை. ஏசியவர்கள் எத்தனை உலை வைத்தார்கள் என்று கேட்கலாம்தான். ஆனாலும் கொடுப்பவன் கையில் சோறும் வேதமும் ஒன்றாக இருக்கும்போது வாங்குபவனுக்கு உண்மையில் எவ்வளவு சுதந்திரம் இருந்திருக்கும் என்ற கேள்வியை அதை வைத்து மூடிவிட முடியாது.

இந்தக் கேள்விக்கு ஓரளவு நாணயமான பதில் வைத்திருப்பது, கத்தோலிக்கப் பங்குகளில் இருக்கும் வின்சென்ட் தே பவுல் சபை. ஞாயிறு பூசைக்குப் போகிறவர்களுக்கே இதைப் பற்றி அதிகம் தெரியாது. 1833-ல் பாரிசில் ஒசானாம் என்ற இருபது வயது மாணவரும் சில நண்பர்களும் தொடங்கியது. முந்தைய ஆண்டுதான் காலரா நகரைச் சூறையாடியிருந்தது. மாணவர் விவாதக் கூட்டமொன்றில், உங்கள் திருச்சபை அந்தக் காலத்தில் நல்லது செய்திருக்கலாம், இன்று என்ன செய்கிறது என்று எதிரணியினர் கேட்டார்கள். ஒசானாமிடம் பதில் இல்லை. கூட்டம் முடிந்து, குளிர்காலத்துக்கு வைத்திருந்த விறகில் மீந்ததை அவரும் நண்பரும் ஓர் ஏழை வீட்டுக்குத் தூக்கிப்போனார்கள் என்று சொல்வார்கள். சேரிகளில் வேலை செய்த ரோசலி என்ற கன்னியர்தான் எந்த வீட்டுக்குப் போவது, எப்படிப் பேசுவது என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்.

முதல் உதவி ரொட்டி அல்ல, விறகு. இது எனக்குப் பிடித்த விவரம். கேட்காமல் ரொட்டி கொடுத்துவிடலாம். விறகு இல்லை என்பது வீட்டுக்குள் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

சபையின் நடைமுறை இன்றும் ஏறக்குறைய அதே. வாரம் ஒரு கூட்டம். கூட்டத்தில் ஒரு பை சுற்றிவரும். மூடிய கையை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். யார் நூறு போட்டார், யார் பத்து போட்டார் என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. பிறகு இரண்டு இரண்டு பேராக வீடுகளுக்குப் போவார்கள். போன வீட்டின் பெயரை வெளியே சொல்லக் கூடாது. எந்த மதம் என்பது கேள்வியே இல்லை என்பது விதி. விதியை எல்லாப் பங்குகளும் ஒரே மாதிரி காப்பாற்றுகின்றன என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

இதற்கு நேர் எதிரான காட்சியும் நம் ஊரில் உண்டு. டிசம்பர் வந்தால் மேடை, பேனர், சேலை, அரிசிப் பை, கொடுப்பவரும் வாங்குபவரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அந்தப் படத்தில் இருக்கும் அம்மாவின் மகள் அதைத் தன் கைப்பேசியில் பார்ப்பாள் என்று யாரும் யோசிப்பதில்லை. சபைகள் மட்டும் என்று இல்லை, கட்சிகளும் சங்கங்களும் இதையே செய்கின்றன.

தேவாலயங்கள் கிட்டங்கியாக மாறிய காலமும் ஒன்று இருந்தது. 1954-ல் அமெரிக்கா பொதுச் சட்டம் 480-ஐக் கொண்டுவந்த பிறகு, கத்தோலிக்க நிவாரண அமைப்பு வழியாகப் பால் பவுடரும் பல்கர் கோதுமையும் எண்ணெய் டின்களும் பங்குகளுக்கு வந்து இறங்கின. கை குலுக்கும் சின்னம் போட்ட அந்தச் சாக்குகள் பிற்பாடு தலையணை உறையாகவும் சிறுவர் டிரவுசராகவும் ஆயின. வயிறு நிறைந்ததை மறுக்க முடியாது. ஆனால் அப்போது கொடுத்தது பங்கு மக்கள் அல்ல, கப்பல். உள்ளூர்க் கொடைப் பழக்கம் கொஞ்சம் தேய்ந்ததும் அப்போதுதான் என்பது என் எண்ணம்.

தேயாமல் இருந்தது பிடி அரிசி. உலையில் போடுமுன் ஒரு பிடியைத் தனியே எடுத்து வைத்துக் காணிக்கையாகக் கொண்டுவருவது தென் மாவட்டச் சபைகளின் பெண்களுக்குப் பழக்கம். மிசோரமின் பிரெஸ்பிட்டேரியன் பெண்கள் 1910-ல் தொடங்கிய இதே வழக்கம் அங்கே ஒரு திருச்சபையையே தாங்கி நிற்கிறது. மயிலாப்பூர் வாசகர்களுக்குக் காஞ்சிப் பெரியவர் சொன்ன பிடி அரிசித் திட்டம் நினைவுக்கு வரும். ஒரு பிடி அரிசிக்கு மதம் ஏது.

ஆனால் 2011 ஜூனிலிருந்து தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசம். பருப்பும் பாமாயிலும் மலிவு விலையில். அப்படியிருக்க, பிடி அரிசி யாருக்கு? பெருங்குடியில் இதற்குப் பதில் தேட ரொம்ப தூரம் போக வேண்டாம். வாடகை வீட்டு முகவரிக்குச் சான்று கிடைக்காததால் அட்டையே வாங்காத குடும்பம். கைரேகை இயந்திரத்தில் விரல் பதியாத பாத்திரம் தேய்க்கும் பாட்டி. அரிசி இருந்தும் சிலிண்டர் வாங்கக் காசில்லாத வீடு. ஒசானாமின் விறகுதான் இது. கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த ஆட்கள்: 2020 அக்டோபரில் ஒரே நாடு ஒரே அட்டை இங்கும் வந்துவிட்டது, ஆனால் அட்டை ஊரில் மனைவியிடம் இருக்கும். தன் பங்கை இங்கே தனியே வாங்கலாம் என்றாலும் கடைக்காரரிடம் பேச மொழி வேண்டும், கடை திறந்திருக்கும் நேரத்தில் விடுப்பும் வேண்டும்.

2025 ஆகஸ்டில் தமிழக அரசு தாயுமானவர் திட்டத்தைத் தொடங்கி, மூத்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுபோகிறது. நல்ல காரியம். வீடு தேடிப் போவதை அரசு ஏற்றுக்கொண்ட பிறகு சபைகளுக்கு மிஞ்சுவது, அரசின் பட்டியலிலேயே ஏறாத வீடுகள். அங்கே அரிசிப் பையைவிட ஆதார் முகவரி மாற்றத்துக்கு ஒருவர் கூடப் போய் வரிசையில் நிற்பது அதிக நாளுக்குச் சோறு போடும். வின்சென்ட் சபையின் கூட்டக் குறிப்பேட்டில் ‘அரிசி 5 கிலோ’ என்று எழுதும் இடத்தில் ‘தாலுகா அலுவலகம், அரை நாள்’ என்று எழுதினால் ஒசானாம் கோபிக்க மாட்டார். பிரச்சினை, உறுப்பினர்களில் பெரும்பாலோர் பணி ஓய்வு பெற்றவர்கள். கண்ணாடிக் கட்டடத்தில் வேலை பார்க்கும் பங்கு இளைஞர்கள் காணிக்கையை ஜீபே-யில் அனுப்பிவிடுகிறார்கள். பணம் வருகிறது. நடக்க ஆள் வேண்டும்.

அடுத்த வாரம்: ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்தில் 1920-ல் போட்ட மதிய உணவு.

(தொடரும்)