பனியில் கருகிய மேய்ச்சல் தரை: மாட்டை அவிழ்க்க அவசரம் வேண்டாம்

நீலகிரியில் ஒன்றிரண்டு கறவை மாடு வைத்திருக்கும் சிறு விவசாயிகளுக்குப் பனிக்காலம் சோதனையான காலம். நவம்பரில் நீர்ப்பனியாகத் தொடங்கி, பின்னர் உறைபனியாக மாறி, பிப்ரவரி வரை பனி நீடிப்பதுண்டு. மேய்ச்சல் தரை பழுப்பேறிக் கருகிவிடும். கோடை மழை ஒன்றிரண்டு பெய்ததும் தரை மீண்டும் பச்சை கட்டும். பல நாள் பசும்புல் காணாத மாட்டை உடனே அவிழ்த்துவிடத் தோன்றுவது இயல்பே. ஆனால், அந்த முதல் சில வாரங்களில் காட்டும் பொறுமைதான் பின்னால் வரும் மாதங்களின் தீவனத்தைக் காக்கும்.

கருகுவது இலையே, வேர் அல்ல

மலைப்பகுதி மேய்ச்சல் தரைகளில் பரவலாகக் காணப்படுவது கிக்குயு புல். கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலங்களைச் சேர்ந்த இப்புல், அங்கு வாழும் கிக்குயு மக்களின் பெயரால் அழைக்கப்படுகிறது. தரைமீது ஓடும் தண்டும், மண்ணுக்குள் ஓடும் தண்டும் இதற்கு உண்டு. உறைபனி இலைகளைக் கருக்கினாலும் மண்ணுக்குள் இருக்கும் தண்டு உயிரோடு இருக்கும்.

மழைக்குப் பின் வரும் முதல் துளிர், அந்தத் தண்டிலும் வேரிலும் உள்ள சேமிப்பைச் செலவழித்தே வெளிவருகிறது. அதை மாடு கடித்துவிட்டால் புல் மறுபடியும் சேமிப்பிலிருந்தே துளிர்க்க வேண்டும். இரண்டு மூன்று முறை இப்படி நேர்ந்தால் புல் நலிந்து, தரையில் திட்டுத் திட்டாக வெற்றிடம் விழும். அங்கே களை குடியேறும்.

மைதானத்தில் கற்கும் பாடம்

குளிர் நாடுகளில் கோல்ஃப் மைதானங்களைப் பராமரிப்போர் இதை நன்கு அறிவர். உறைபனி படிந்த காலையில், அது உருகும் வரை ஆட்டக்காரர்களைப் புல்லில் இறங்க விடுவதில்லை. உறைந்த இலையை மிதித்தால் உள்ளிருக்கும் நுண்ணறைகள் உடைந்து, பின்னர் கால்தடம் தடமாகப் புல் கருகிப்போகும். குளிர்காலம் முடிந்ததும் சருகை வாரி எடுத்து, புல் நன்றாக வளரத் தொடங்கிய பிறகே வெட்டுகிறார்கள். ஒரே தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டுவதில்லை.

மனிதன் மிதித்தாலே இந்தச் சேதம் என்றால், மாட்டின் குளம்பு பட்டால் கேட்க வேண்டியதில்லை. எனவே உறைபனி நாட்களில் வெயில் ஏறி, புல்லின் மீதுள்ள வெண்மை மறைந்த பிறகே மாட்டை வெளியே விடவேண்டும். குளிர்ந்த காற்று கீழ்நோக்கி இறங்கித் தேங்குவதால் பள்ளமான இடங்களில் பனி அதிகம். அந்த நாட்களில் மேட்டுப் பகுதியை முதலில் மேய்ப்பது நல்லது.

சருகை எரிக்காதீர்கள்

கருகிய புல் மெத்தைபோல் படிந்திருந்தால் வெளிச்சம் உள்ளே புகாது, துளிர் தாமதமாகும். மழைக்கு முன் அரிவாளால் அறுத்து, வாரி எடுத்து, தொழுவத்தில் படுக்கையாகப் பரப்பலாம், எருக்குழியிலும் சேர்க்கலாம். தீ வைப்பது கூடாது. மேல் தண்டுகள் வெந்துவிடும். தீ காட்டுக்கும் பரவும்.

சுண்ணாம்பும் உரமும்

நீலகிரி மண் பெரும்பாலும் புளிப்புத் தன்மை உடையது. இத்தகைய மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் புல்லுக்கு அது முழுமையாகக் கிட்டுவதில்லை. மண் பரிசோதனை செய்து, அதில் கூறும் அளவுக்குச் சுண்ணாம்புத் தூள் அல்லது டோலமைட் இடவேண்டும். இதன் பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும்.

மழை பெய்து துளிர் வந்ததும் நன்கு மக்கிய தொழு உரத்தைத் தூவலாம். யூரியா இடுவோர் ஈரம் உள்ளபோது 10 சென்டுக்கு 4 கிலோ இட்டால் போதும். சுண்ணாம்பையும் யூரியாவையும் ஒன்றாக இடக்கூடாது. தழைச்சத்து அம்மோனியா வாயுவாகி வீணாகும். இரண்டிற்கும் இடையே சில வாரங்கள் இடைவெளி தேவை.

எப்போது மேய்க்கலாம்?

ஒவ்வொரு துளிரிலும் புதிதாக நான்கைந்து இலைகள் விரிந்த பிறகே மேய்ச்சலுக்கு விடவேண்டும். மூன்று விரல் உயரம் புல் எஞ்சி நிற்கும்போதே மாட்டை மாற்றிக் கட்டவேண்டும். தரையை நான்கு பாகமாகப் பிரித்து முறைவைத்து மேய்த்தால் ஒவ்வொரு பாகத்துக்கும் ஓய்வு கிடைக்கும். யூரியா இட்ட பாகத்தில் மூன்று வாரம் மேய்க்கவோ அறுக்கவோ வேண்டாம். இளம் புல்லில் நைட்ரேட் மிகுந்து மாட்டுக்கு நஞ்சாகக்கூடும்.

முதல் நாட்களில் ஒரு மணி நேரம் மட்டும் மேயவிட்டு, படிப்படியாக நேரத்தைக் கூட்டவேண்டும். அவிழ்க்கும் முன் வைக்கோல் கொடுப்பது அவசியம். வெள்ளை குளோவர் கலந்த தரையில் வெறும் வயிற்றோடு மேயும் மாட்டுக்கு வயிறு உப்புசம் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஒரு எச்சரிக்கை: கிக்குயு வேகமாகப் பரவும் புல். சொந்த நிலத்துக்கு வெளியே, சோலைக் காட்டு ஓரங்களிலோ இயற்கைப் புல்வெளிகளிலோ அதை நடக்கூடாது.

பனி முடிந்த பின் துளிர் முதிரும் வரை வைக்கோலுக்கு ஆகும் செலவு கண்ணுக்குத் தெரியும். துளிரை மேய்த்ததால் அழியும் தரையின் நட்டம் பிறகுதான் தெரியும். அதனால் பனிக்காலத்துக்கு முன்பே வைக்கோலைச் சேமித்து வைப்பதே புத்திசாலித்தனம்.