விடுபட்ட ஓர் எண்

மெய்ப்பு பார்க்கிறவனுக்குப் பிழையைவிட விடுபாட்டின் மேல்தான் பயம். தப்பாக அச்சான எழுத்து கண்ணை உறுத்தும். இல்லாமல் போன வரி உறுத்தாது. கணிதப் பாடநூல்களுக்கு மெய்ப்பு பார்த்தே தலை நரைத்தவன் நான். ராமானுஜனின் பட்டியலிலேயே ஒரு வரி இல்லை என்று படித்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

அந்த எண் 293318625600. அதாவது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600.

கேம்பிரிட்ஜில் இருந்தபோது, 1915-ல், உயர் பகு எண்களைப் பற்றி ராமானுஜன் நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் உள்ள எண்தான் உயர் பகு எண். 12-க்கு 6 காரணிகள். அதற்குக் கீழே எதற்கும் 6 கிடையாது. அடுத்து 24, 36, 48, 60 என்று போகும். போர்க்காலம், அதை வெளியிட்ட லண்டன் கணிதக் கழகத்தின் கையில் பணமில்லை. கட்டுரையின் பிற்பகுதி அவர் காலத்தில் அச்சேறவேயில்லை. ஆனாலும் இந்த ஆய்வுக்குத்தான் 1916-ல் கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. கொடுத்தது. இங்கே எஃப்.ஏ. தேர்வில்கூடத் தேறாதவர்!

கட்டுரையில் 102 எண்களின் பட்டியல் இருக்கிறது. கணினி ஏது, எல்லாம் கைக்கணக்கு. அதில் நம் எண் இல்லை.

பென்சிலை எடுத்துப் பகாக் காரணிகளாகப் பிரித்தேன். 2 ஆறு தடவை, 3 நான்கு தடவை, 5-ம் 7-ம் இரண்டிரண்டு தடவை, பிறகு 11, 13, 17, 19 ஒவ்வொரு தடவை. காரணிகளை எண்ண ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் போதும்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2. விடை 5040. வேடிக்கை என்னவென்றால், 5040-உம் ஓர் உயர் பகு எண்தான்.

1 முதல் 22 வரை எதனால் வகுத்தாலும் மீதியில்லை. 23-ல்தான் முதல் தடை. பட்டியலில் அடுத்து வரவேண்டிய 321253732800 அந்த 23-ஐச் சேர்த்துக்கொண்டு, ஒரு 3-ஐயும் ஒரு 7-ஐயும் கழற்றிவிடுகிறது. அதனால் நம் எண்ணைவிடப் பத்தில் ஒரு பங்குகூடப் பெரிதில்லை, காரணிகளோ 5376. இவ்வளவு நெருக்கத்தில் இப்படி ஒன்று நின்றால் முன்னால் இருப்பது மறைந்துபோவதில் எனக்கு ஆச்சரியமில்லை.

எனக்கு ஆச்சரியம் பட்டியலின் கடைசி வரியில்தான். அங்கே இருப்பது 6746328388800. அதை 23-ஆல் வகுத்துப் பாருங்கள்: 293318625600.