விண்வெளியில் ஒரு வனம்!

பூமியிலே காடு இல்லை. எஞ்சிய மரஞ்செடிகளைப் பெரிய கண்ணாடிக் கூடாரங்களில் வைத்து, விண்வெளிக் கப்பல்களில் ஏற்றி, சனிக் கிரகத்தின் அருகே வளர்த்து வருகிறார்கள். அவற்றுள் ஒரு கப்பலில் 8 ஆண்டுகளாகத் தோட்டத்தைப் பேணி வருபவர் லோவெல் என்ற தாவர நிபுணர்.

ஒருநாள் பூமியிலிருந்து உத்தரவு வருகிறது. காடுகளை அணுகுண்டு வைத்துத் தகர்த்துவிட்டு, சரக்கு ஏற்றக் கப்பல்கள் திரும்ப வேண்டுமாம்!

இப்படித் தொடங்குகிறது 1972-ல் வெளிவந்த "சைலண்ட் ரன்னிங்" என்ற அமெரிக்கப் படம். 1968-ல் வந்த "2001" படத்தின் தந்திரக் காட்சிகளில் பங்குகொண்ட டக்ளஸ் டிரம்புல் இதன் டைரக்டர். அப்போது அவருக்கு 30 வயதுகூட நிரம்பவில்லை. "2001" பெற்ற புகழை இந்தப் படம் பெறவில்லை. ஆனால் இது எழுப்பும் கேள்வி இன்றும் நெஞ்சைக் குடைகிறது.

மரமா? மனிதனா?

மற்ற மூவரும் வீடு திரும்பும் மகிழ்ச்சியில் காடுகளை ஒவ்வொன்றாகத் தகர்க்கிறார்கள். லோவெல் பொறுக்கவில்லை. ஒருவரைத் தம் கையாலேயே கொல்கிறார். மற்ற இருவரையும் ஒரு கூடாரத்தோடு வெடிக்க வைக்கிறார். ஒரே ஒரு காடு பிழைக்கிறது.

அவர் செய்தது நியாயமா? படம் தீர்ப்புச் சொல்லவில்லை. லோவெலாக நடித்த புரூஸ் டெர்னின் முகத்தில் வெற்றிக் களிப்பு இல்லை. கொன்ற தோழர்களின் நினைவு அவரை வாட்டுகிறது. தனிமை தாங்காமல், இயந்திர வேலையாட்களுக்குச் சீட்டாடக் கற்றுக் கொடுக்கிறார்! டொனால்டு வாத்தின் மருமகப் பிள்ளைகளுடைய பெயர்களையே அவற்றுக்குச் சூட்டுகிறார். அந்த இயந்திரக் கூடுகளுக்குள் இருந்து நடித்தவர்கள், இரு கால்களையும் இழந்த 4 பேர்.

வாடிய இலைகள்

பிறகு காடு வாடத் தொடங்குகிறது. காரணம் புரியாமல் லோவெல் தவிக்கிறார். சூரியனை விட்டு வெகுதூரம் வந்துவிட்டதால் வெளிச்சம் போதவில்லை என்பது மிகவும் பிந்தித்தான் அவருக்கு உறைக்கிறது. மரத்துக்காக மனிதரைக் கொன்றவர், மரத்துக்கு வெயில் வேண்டும் என்பதையே மறந்துவிட்டார்! அன்பு மட்டும் இருந்தால் போதுமா என்று கேட்கிறது படம்.

முடிவில் விளக்குகளைப் பொருத்தி, காட்டை விண்வெளியில் மிதக்க விட்டுவிட்டு, கப்பலோடு தம்மையும் அழித்துக்கொள்கிறார் லோவெல்.

கடைசிக் காட்சியில் மனிதன் இல்லை. ஒரு சின்ன இயந்திரம் மட்டும், பூவாளியைக் கையில் பிடித்தபடி, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொண்டிருக்கிறது.